நந்தம்பாக்கத்தில் இல்லாத பெயர்

அன்புள்ள ஐயா,

என் தாத்தாவின் அண்ணன் முனுசாமி இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர். 1945இல் பர்மாவில் இறந்துபோனார். வயது 22. வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு தந்தியும் ஒரு பதக்கமும்தான். போன ஞாயிறு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போய் வரிசை வரிசையாகத் தேடினேன். அவர் பெயர் இல்லை. நம் ஊர்ப் பையனுக்கு நம் ஊரில் ஒரு கல் கிடையாதா? வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தானா?

கா., அம்பத்தூர்

அன்புள்ள கா.,

அந்த வெயிலில் 856 கல்லையும் படித்திருக்கிறீர்கள், அதற்கே ஒரு வணக்கம். ஆனால் அவர் அங்கே இருக்க வழியில்லை. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் கண்டோன்மென்ட் கல்லறைகளிலும் ஊர்க் கல்லறைகளிலும் சிதறிக் கிடந்தவர்களை ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்க 1952இல் அமைத்த இடம் அது. பர்மாவில் விழுந்தவர்கள் பர்மாவிலேயே தங்கிவிட்டார்கள்.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் தூண் தூணாகப் பெயர்கள், கிட்டத்தட்ட 27,000. கல்லறை எங்கே என்று தெரியாதவர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர். எரியூட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கேயே தனி நினைவிடம். இரண்டில் ஒன்றில் அவர் இருப்பார் என்றே நினைக்கிறேன்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் காசில்லாமல் தேடலாம். முனுசாமி என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகக் கெடுக்க முடியுமோ அத்தனையும் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் பதக்கத்தின் விளிம்பிலும் பின்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். படை எண் பொறித்திருந்தால் பாதி வேலை முடிந்தது. சில பதிவுகளில் அப்பா பெயர், ஊர், ஜில்லா வரை இருக்கும்.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பெயரையே விட்டுவிட்டார்கள் என்று நீங்கள் சொன்னால் அது சரியில்லை. ஆனால் நந்தம்பாக்கத்துக் கற்களின் அடியில் பார்த்திருப்பீர்களே, பெயர், வயது, தேதிக்குக் கீழே ஒரு வரி. அது பையனின் வீட்டார் எழுதிக் கொடுத்தது. நான் ஒருமுறை அப்படி ஒரு வரியைப் படித்துக்கொண்டு நின்றபோது, புல் வெட்டிக்கொண்டிருந்தவர், "எல்லாம் என் பேரன் வயசு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். தூணில் ஏறிய 27,000 பேருக்கு அந்த ஒரு வரிக்கு இடமில்லை. உங்கள் கொள்ளுப்பாட்டியிடம் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் வீட்டில் அவருக்குத் திதி கொடுத்தது எந்த நாளைக் கணக்கு வைத்து? தந்தி வந்த நாளா? ஆணையத்தின் பதிவில் இறந்த தேதி இருக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.