கட்டுப்படுத்தும் கணவனிடமிருந்து தப்பியோடும் பெண்ணைப் பற்றிய ஆங்கிலக் காதல் திகில் நாவல் ஏதாவது வாசித்திருக்கிறீர்களா? பிடித்ததா?

ஒன்று வாசித்தேன். பாதி மிகவும் பிடித்தது, மீதிப் பாதியில் எரிச்சல்தான் வந்தது.

கனடாவிலிருந்து வந்த மச்சாள் பிளேனில் வாசிக்க வாங்கி, வன்னியில், புதுக்குடியிருப்பில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போன புத்தகம். அட்டையில் சட்டையில்லாத ஒரு ஆம்பிளையின் முதுகு. அம்மா காணும்போதெல்லாம் அதைக் கவிழ்த்து வைப்பா. முடிவு வரைக்கும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

லண்டனில் வசதியான கணவன், ஆசிரியையாக இருந்த மனைவி. முதல் நூறு பக்கத்துக்கு அவன் ஒரு அடிகூட அடிக்கவில்லை. 'களைச்சுப் போறாய்' என்று வேலையை விடச் செய்கிறான். கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன் என்று பாங்க் காட்டை வாங்கி வைக்கிறான். சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கழன்று போகிறார்கள், ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. சுப்பர் மார்க்கெட்டால் வந்தவளிடம் பில்லை வாங்கிப் பார்க்கிறான். விலையைப் பார்க்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் பார்த்தது பில்லில் அடித்திருந்த நேரத்தை. 'கடையில இருந்து வீட்டுக்குப் பத்து நிமிசம். மிச்ச இருபது நிமிசம் எங்க நிண்டனி?' அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணி குடித்தேன்.

ஏனென்றால் லண்டனுக்குப் போகாமலே அந்தக் கேள்வி எனக்குத் தெரியும். நான் தையல் கடையில் வேலை செய்கிறேன். கணவன் கட்டாரிலோ சவூதியிலோ நிற்கிற பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். ஒருத்திக்கு பிளவுஸ் அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் வந்தது. எடுக்காமல் விட முடியாதாம். 'கமராவைத் திருப்பு. அளவெடுக்கிறது ஆர்? கதவுப் பக்கம் காட்டு.' அளவு நாடாவும் கையுமாக நான் கமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. அவள் போனதும், அங்கே இருந்த அன்ரி ஒருவர், 'அவ்வளவு தூரத்தில இருந்தும் பெடியனுக்கு எவ்வளவு அக்கறை' என்றா. நாவலிலும் பக்கத்து வீட்டுக்காரி கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறாள்.

தப்புகிற கட்டம் விறுவிறுப்பு, மறுக்கவில்லை. பழைய பூட்ஸுக்குள் சேர்த்த காசு, நடு இரவு, ரயில், ஸ்கொட்லாந்துக் கடற்கரையில் ஒரு கிராமம், புதுப் பெயர். வன்னியில் வாசிக்கிறவளுக்குத்தான் சிரிப்பு வரும். இங்கே காலமை முதல் பஸ்ஸில் ஏறினாலும் கொண்டக்டருக்கு அப்பாவைத் தெரிந்திருக்கும். விசுவமடுவிலோ தருமபுரத்திலோ சொந்தக்காரர் ஒருவர் ஏறுவார். பஸ் பரந்தன் சந்திக்குப் போக முன்னமே மாமிக்குப் போன் போயிருக்கும். பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க விடுகைப் பத்திரம், எதற்கெடுத்தாலும் விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதம், எல்லா இடமும் காரணம் கேட்பார்கள். வீடும் இருக்கிறது. இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத் திட்டத்தில் 5,50,000 ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் கிடைத்தது. மண் சுமந்து, கல் அடுக்கி, தண்ணி ஊற்றி அந்த வீட்டை எழுப்பினவள் அவளாக இருப்பாள், காணி பெர்மிட் அவன் பெயரில் இருக்கும். பூட்ஸுக்குள் காசு சேர்த்தால் போதுமா?

அந்த நாவலில் பொலிஸ் என்றால் ஒன்றுக்கும் உதவாத ஆட்கள். கதைக்கு அது வசதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த மாதிரி ஒருவரைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதே 2015 இல் தனிக் குற்றமாகிவிட்டது, 5 வருடம் வரை சிறை கிடைக்கும். நாயகி ஒரு சட்டத்தரணியிடம் போயிருந்தால் கதை நூற்றைம்பதாம் பக்கத்தில் முடிந்திருக்கும் போல. எங்களிடம், இலங்கையில், 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்செயல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அடி மட்டுமல்ல, மோசமான மனரீதியான கொடுமையும் அதில் வரும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளையைப் பாதிக்கப்பட்டவளே கேட்கலாம், அவளுக்காகப் பொலிஸும் கேட்கலாம். முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, விசாரித்த பிறகு 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை. இரண்டு பேரும் இருந்த வீட்டுக்குள் அவன் வரக்கூடாது என்றும் கட்டளை போட முடியும். கமராவைத் திருப்பச் சொல்வதெல்லாம் கொடுமையா என்று கேட்கிற ஆட்களைத் தாண்டித்தான் நீதிமன்றப் படி ஏற வேண்டும், அது வேறு கதை.

எரிச்சலுக்கு வருவோம். கடற்கரைக் கிராமத்தில் முன்னாள் இராணுவக்காரன் ஒருவன் வருகிறான். உயரம், தழும்பு, அதிகம் கதைக்கமாட்டான். 'உன்ர பாதுகாப்புக்குத்தான்' என்று அவளுக்குத் தெரியாமல் அவள் போனில், அவள் எங்கே நிற்கிறாள் என்று காட்டும் செயலியைப் போடுகிறான். அவளோடு கதைத்த மீன்காரனின் சட்டையைப் பிடிக்கிறான். பில்லில் நேரம் பார்த்தவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? இவன் வடிவானவன், அவ்வளவுதான். எழுத்தாளர் அதைக் காதல் என்கிறார், அவளும் கடைசிப் பக்கத்தில் அவனையே கட்டுகிறாள். (இடையில் சில பக்கங்களை அம்மா பக்கத்தில் இருந்ததால் வேகமாகத் திருப்பினேன். அவற்றைப் பற்றி அபிப்பிராயம் இல்லை.)

தங்கச்சிக்கு அந்த இரண்டாம் பாதிதான் பிடித்தது. 'அக்கா, உண்மையில இப்பிடி ஒருத்தன் வந்தா நான் ஓடிடுவன். புத்தகத்தில எண்டா மூடி வைக்கலாம்தானே' என்றாள். அது நியாயம். கன்னத்தில் அறைந்துவிட்டுப் பிறகு உருகுகிற நாயகர்களை எங்கள் மாத நாவல்களிலும் வாசித்துத்தானே வளர்ந்தோம். ஆனாலும் அந்த ஸ்கொட்லாந்துக்காரனை என்னால் பொறுக்க முடியவில்லை.

வளர்ந்தவர்கள் என்றால் வாசியுங்கள், முதல் பாதிக்காக. அப்படியொரு வீட்டுக்குள் இருந்துகொண்டே இதை வாசிக்கிறீர்கள் என்றால், நாயகி போன வழியைப் பார்த்து வெளிக்கிட வேண்டாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. அவன் எடுத்துப் பார்க்கிற போனிலிருந்து அடிக்காதீர்கள். தெரிந்த கடையில் போனைக் கேளுங்கள், எங்கள் கடை என்றால் தருவோம்.