கெளுத்தி மீன் தொட்டியில் செடிகள் ஏன் நிற்பதில்லை? எந்தச் செடி சரிவரும்?

கோரிடோரஸ் போன்ற கெளுத்திகள் மீசையால் மணலைக் கிளறி இரை தேடும். புதிதாக நட்ட செடி வேர் பிடிக்குமுன்பே பிடுங்கிக்கொண்டு மிதக்கும். ஆகவே மணலே தேவைப்படாத அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் நல்லது. இவற்றுக்கு இஞ்சி மாதிரி படுத்துக் கிடக்கும் தடித்த தண்டு உண்டு. இலையும் வேரும் அதிலிருந்தே கிளம்பும். பருத்தி நூலால் மரக்கட்டையிலோ கல்லிலோ கட்டிவிடுங்கள். மரத்தைப் பற்றும் மிளகுக்கொடிபோல, சில வாரங்களில் வேர் தானே பிடித்துக்கொள்ளும்.

பிளெக்கோ என்ற கெளுத்தி வேறு ரகம்: கிளறுவதைவிடச் சுரண்டுவதே அதிகம். அமேசான் ஸ்வார்ட் செடியின் மெல்லிய இலையைச் சல்லடையாக்கிவிடும்; அனுபியாஸின் தோல் போன்ற இலை ஓரளவு தாங்கும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டு போட்டால் சேதம் குறையும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்னின் தடித்த தண்டைப் புதைத்தால்தான் செடி நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். புதைத்த தண்டு அழுகிவிடும், வேர் மட்டும் மணலுக்குள் போகலாம்.