நிலவு ஒன்றுதான், கடல் மட்டும் ஏன் நாளுக்கு இரண்டு தடவை ஏறுகிறது?

கேள்வி: கடல் ஏறி இறங்க நிலவுதான் காரணம் என்கிறார்கள். நிலவு தலைக்கு மேல் வருவது நாளுக்கு ஒரு தடவைதானே? பிறகு ஏன் கடல் இரண்டு தடவை ஏறுகிறது?

மலேசியாவின் பினாங்கில், பட்டர்வொர்த்தில் வீடு, கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ்டவுனில் வேலை. பல வருஷம் காலையில் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறியவன் நான். பெர்ரிக்குள் போகிற இரும்புப் பாலம் சில காலைகளில் தரை மாதிரி மட்டமாக இருக்கும். சில காலைகளில் பிரேக்கை விடவே முடியாது, அவ்வளவு சரிவு. மழைநாள் ஒன்றில் அந்தச் சரிவில் வழுக்கி, முன்னால் நின்ற ஓர் அக்காவின் மோட்டாரில் போய் முட்டினேன். நல்ல திட்டு. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், பாலம் கண்டபடி சரிவதில்லை, கடல் ஏறி இறங்குவதோடு சேர்ந்துதான் சரிகிறது. இன்று ஏழு மணிக்கு உள்ள சரிவு நாளைக்கு 7.50 வாக்கில்தான் வரும். ஏறக்குறைய 15 நாள் போனால் மறுபடி அதே ஏழு மணிக்கு வந்து நிற்கும்.

அந்த 50 நிமிஷம் நிலவின் கணக்கு. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க பூமி இன்னும் 50 நிமிஷம் சுற்ற வேண்டும். ஆக 24 மணி 50 நிமிஷத்தில் இரண்டு ஏற்றம், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 12 மணி 25 நிமிஷம்.

இரண்டு ஏன்? "நிலவு தண்ணீரை மேலே இழுக்கிறது" என்று பள்ளியில் படித்தது பாதிதான். நிலவின் இழுப்பு பூமியின் இழுப்பில் சுமார் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. அதை வைத்துக்கொண்டு கடலைத் தூக்க முடியாது. விஷயம் இழுப்பில் இல்லை, இடத்துக்கு இடம் அந்த இழுப்பு வித்தியாசப்படுவதில் இருக்கிறது.

பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதத்தின் பின்னால் நடந்திருப்பீர்கள். ரதத்தை ஒட்டியிருப்பவர்கள் வேகமாகப் போவார்கள், பின்னால் போகப் போக மந்தம். என் அக்கா மகன் முன்னால், நான் நடுவில், பாட்டி பின்னால், மூவரும் கைகோத்து நடக்கிறோம் என்று வையுங்கள். கொஞ்ச நேரத்தில் என் இரண்டு கையும் விரிந்துவிடும். பாட்டியை யாரும் பின்னுக்கு இழுக்கவில்லை. அவரும் ரதத்தை நோக்கித்தான் வருகிறார், என்னைவிட மெதுவாக. நிலவுப் பக்கத்துக் கடல்தான் பையன், பூமி நான், மறுபக்கத்துக் கடல் பாட்டி. நடுவில் நிற்கிற எனக்கு இரண்டு பக்கமும் விலகியதாகத் தெரிகிறது. நிலவைப் பார்த்த பக்கம் ஒரு மேடு, எதிர்ப்பக்கம் ஒரு மேடு. இரண்டு விலாப் பக்கத்துத் தண்ணீரும் அங்கே நகர்ந்து சேர்கிறது. பூமி சுற்றும்போது நாம் இரண்டு மேட்டையும் கடக்கிறோம்.

தே தாரேக் (ஆற்றிய பால் டீ) கோப்பையில் ஏன் ஏற்றம் வருவதில்லை என்று தம்பி கேட்டான். கோப்பையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுப்பில் வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லையே!

சூரியனைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பூமியை அது நிலவைவிட ஏறக்குறைய 180 மடங்கு அதிகமாக இழுக்கிறது. ஆனால் சுமார் 390 மடங்கு தூரத்தில் இருப்பதால், பூமியின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் நிலவு தருவதில் பாதிகூட இல்லை. அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து இழுக்கும். இங்கே "ஆயர் பாசாங் பெசார்" (மலாயில், பெரிய கடலேற்றம்) என்று எச்சரிக்கை வருவது அந்த நாட்களை ஒட்டித்தான். அஷ்டமி வாக்கில் ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கும், ஏற்றமும் இறக்கமும் சுமார்தான்.

2004 டிசம்பர் 26-உம் பௌர்ணமிதான். அதனால் சுனாமியையும் நிலவின் தலையில் கட்டுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம், ஓதத்தோடு சம்பந்தமில்லை. (புத்தகத்தில் இதற்கு ஓதம் என்று பெயர். எங்கள் வீட்டில் ஓதம் என்றால் ஈரம் ஏறிய சுவர்.)

இவ்வளவு சொல்லியும் ஒன்று பாக்கி. நிலவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நடுக்கடலில் அரை மீட்டர் அளவு ஏற்றம்தான் வரும். பினாங்கில் பௌர்ணமி வாக்கில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் சுமார் 2 மீட்டர், போர்ட் கிள்ளானில் 4 மீட்டருக்கு மேல். அதே நிலவு, அதே மலாக்கா நீரிணை. அந்தமான் கடலிலிருந்து வரும் ஏற்றம் தெற்கே போகப் போக நீரிணை குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. உள்ளே வந்த தண்ணீருக்கு உயருவதைத் தவிர வழியில்லை. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இது 16 மீட்டர் வரை போகிறது. அதனால் எந்த ஊரில் எத்தனை மணிக்கு எவ்வளவு ஏறும் என்பதை நிலவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது, அந்தக் கரையில் அளந்து வைத்த கணக்கும் வேண்டும்.

அடுத்த தடவை தண்ணீர் வற்றியிருக்கும்போது ஜார்ஜ்டவுனில் கடல்மேல் கால் ஊன்றிக் கட்டிய வீடுகள் உள்ள சியூ ஜெட்டிக்குப் போனால் வீடுகளைத் தாங்கும் கால்களைப் பாருங்கள். சிப்பி அப்பிக்கொண்டு கருத்துக் கிடக்கும், ஓர் உயரத்துக்கு மேல் சட்டென்று சுத்தமாகிவிடும். வழக்கமாகத் தண்ணீர் ஏறுவது அதுவரைக்கும்தான்.