‘ஐ’யும் ‘ஆல்’உம் யார் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். 240ஐ 15ஆல் வகுக்கச் சொன்னால் எட்டாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் போட்டுவிடுகிறார்கள். அதையே நான்கு வரி வாக்கியக் கணக்காகக் கொடுத்தால், “கூட்டலா டீச்சர், கழித்தலா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார்கள். கணக்குப் பாடவேளையில் தினமும் பத்து நிமிடம் தமிழ் வாசிக்க வையுங்கள் என்கிறார் தலைமையாசிரியர். பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. தமிழாசிரியரின் வேலையையும் நான்தான் பார்க்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்று உங்களுக்கு உபதேசம் செய்யப் போவதில்லை, அது உங்கள் பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கும். உங்கள் கோபம் நியாயமானது. ஏதோ ஒரு பத்தியை உரக்கப் படிக்க வைத்தால் வாக்கியக் கணக்கு வந்துவிடாது. ஆனால் தலைமையாசிரியர் கை வைத்த இடம் சரியான இடம். கணக்கை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலைதான். தமிழாசிரியரிடம் அதை ஒப்படைக்க முடியாது.

நாளைக்கே கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். ‘12ஐ 3ஆல் வகு.’ ‘12ஆல் 3ஐ வகு.’ அதே எண்கள், அதே வரிசை. முதலாவதற்கு விடை 4, இரண்டாவதற்குக் கால். வித்தியாசமெல்லாம் எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் உருபில் இருக்கிறது. ‘ஐ’ இரண்டாம் வேற்றுமை, ‘ஆல்’ மூன்றாம் வேற்றுமை என்று தமிழ் வகுப்பில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கிய அதே பிள்ளை, இங்கே இரண்டுக்கும் 4 என்று எழுதிவிட்டுப் போகும். உருபை அது படிக்கவே இல்லை. எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டது.

‘5ஐ 20இலிருந்து கழிக்க’ என்றால் தப்பித்துவிடுவார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது பழக்கமாகிவிட்டது. ‘5ஐ xஇலிருந்து கழிக்க’ என்று கேளுங்கள். எது பெரியது என்று தெரியாது, அதனால் கண்ணில் பட்ட வரிசையில் 5 − x என்று எழுதுவார்கள். கீழ் வகுப்புகளில் மறைந்து கிடந்த ஓட்டை இயற்கணிதம் வந்ததும் வெளியே தெரிகிறது. அது உங்கள் தலையில் விடிகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு குற்றம் நம்முடையது. ‘மொத்தம் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி’ என்று குறுக்குவழி சொல்லிக்கொடுத்தோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ‘ராணியிடம் 45 ரூபாய் இருக்கிறது. இது கமலாவிடம் இருப்பதைவிட 8 ரூபாய் குறைவு. கமலாவிடம் எவ்வளவு?’ குறுக்குவழி 37 என்கிறது. கமலாவிடம் இருப்பதோ 53. ‘இது’ எதைக் குறிக்கிறது என்று நின்று பார்க்காத பிள்ளைக்கு வகுத்தல் வாய்பாடு எத்தனை தெரிந்து என்ன?

சொற்களும் காலை வாரும். தொகுதி என்றால் தேர்தல், பகுதி என்றால் குடியிருக்கும் இடம், உறுப்பு என்றால் கை கால். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஒருமுறை சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம்.

ராயக்கோட்டைப் பக்கம் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வருகிறது. பலகையில் கணக்கு இப்படி: ‘ஒரு விவசாயி 25 கிலோ எடையுள்ள 40 பெட்டி தக்காளியைக் கிலோ 12 ரூபாய் வீதம் விற்றார். 10 சதவீதத் தரகும் 900 ரூபாய் வாடகையும் நீங்கலாக அவர் பெற்றது எவ்வளவு?’ கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். அப்பாவோடு மண்டிக்குப் போவாயா என்று கேட்டேன். போவானாம். “மண்டியில் கமிஷன் போக, வண்டி வாடகை போக, அப்பா கையில் எவ்வளவு நிற்கும்?” என்றேன். விரலைக்கூட மடக்காமல் 9,900 என்றான். ‘தரகு’, ‘நீங்கலாக’ இரண்டும்தான் அவனை மறித்திருந்தன. அன்று அவன் நோட்டில் ‘நீங்கலாக’ என்ற சொல்லுக்கு நேராக ‘போக’ என்று அவனையே எழுதச் சொன்னேன்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே இடத்தில் சிக்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆன் நியூமன் என்ற ஆய்வாளர் 1970களில் ஐந்து கேள்விகளை வகுத்துக் கொடுத்தார். தப்பாகப் போட்ட பிள்ளையை அருகில் அழைத்து, கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். என்ன கேட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். எந்த வழியில் போடுவாய் என்று கேளுங்கள். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக விடையை எழுதச் சொல்லுங்கள். எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நாளைக்கு இரண்டு பேர் போதும்.

முதல் படியிலேயே நிற்கும் பிள்ளை, அதாவது எழுத்துக்கூட்டியும் வாசிக்கத் தெரியாத பிள்ளை, நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவர்களை உங்கள் பாடவேளையில் சரிசெய்ய முடியாது. பெயர்களை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். அவர் கேட்ட பத்து நிமிடம் அவர்களுக்குத்தான் தேவை, அதுவும் உங்கள் நேரத்தில் அல்ல. அதுவரை கணக்கை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாததற்குக் கணக்கிலும் பூஜ்யம் போடுவது இரட்டைத் தண்டனை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் கேட்கவே வேண்டாம். கணக்கு என்ன சொல்கிறது என்பதைப் பக்கத்துப் பிள்ளையிடம் வீட்டு மொழியிலேயே சொல்லிப் பார்க்கட்டும், பிறகு தமிழில் எழுதட்டும். வகுப்பில் இரைச்சல் கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்கு வாரத்தில் ஒரு நாள் போதும். வெள்ளிக்கிழமை கடைசி எட்டு நிமிடம், 15x + 40 = 340 என்று பலகையில் எழுதிவிட்டு, இதற்கு ஒரு கதை எழுதி வாருங்கள் என்று அனுப்புங்கள். பஸ் டிக்கெட் வரும், புளி விலை வரும், சில கதைகளில் அரைக் கோழி விற்கும். பிழை எழுத்தில் இருக்கிறதா, கணக்கில் இருக்கிறதா என்று தனித்தனி நிற மையில் குறியுங்கள். எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் இதையெல்லாம் இந்த ஆண்டு தொடங்காதீர்கள், திருப்புதல் தேர்வு வந்துவிடும். அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: வாக்கியக் கணக்கை முடிக்கும்போது வெறும் 53 என்று நிறுத்தாமல், ‘கமலாவிடம் 53 ரூபாய் இருக்கிறது’ என்று ஒரு முழு வாக்கியம். பதில் ‘மைனஸ் 3 பெட்டி’ என்று வந்தால், அந்த வாக்கியத்தை எழுதும்போதே பாதிப் பேர் கையை எடுத்துவிடுவார்கள்.