மிதக்கும் ஓட்டலில் வேலை: பையனை அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஐ.டி.ஐ. முடித்த வெல்டர். மும்பைக் கடலில் எண்ணெய்க் கிணற்று வேலை இருக்கிறது, தங்குவதற்கு 'மிதக்கும் ஓட்டல்', ஏசி அறை, சாப்பாடு இலவசம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். 60,000 ரூபாய் கேட்கிறார். கஜாவில் தென்னை மொத்தமும் சாய்ந்ததிலிருந்து எனக்குப் புயல் என்றாலே உடம்பு நடுங்குகிறது. அவனோ போயே தீருவேன் என்கிறான்.
– ஒரு தாய், வேதாரண்யம்

பதில்: சகோதரி, 2018 நவம்பர் 16 ராத்திரியைப் பார்த்தவர் யாரும் உங்கள் பயத்தைத் தப்பு சொல்ல மாட்டார்கள். ஆனால் பையனைத் தடுக்கச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. நல்ல வேலைதான். எப்போது போகிறான், எதைக் கற்றுக்கொண்டு போகிறான் என்பதுதான் முக்கியம்.

'ஓட்டல்' என்ற சொல்லை முதலில் மறந்துவிடுங்கள். அங்கே அதன் பெயர் பார்ஜ், அதாவது தட்டையான பெரிய மிதவைக் கலம். மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் எண்ணெய் மேடைகள் நிற்கின்றன. பழுதுபார்க்க நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்தால் மேடையில் படுக்க இடம் போதாது. அதனால் பக்கத்தில் பார்ஜை நங்கூரம் போட்டு நிறுத்துவார்கள். நடுவில் ஒரு நடைபாலம். அலை ஏறினால் பாலத்தை எடுத்துவிடுவார்கள், அன்றைக்கு வேலை இல்லை.

என் மாமா மகன் இப்படி ஒன்றில் இரண்டு சீசன் இருந்தான். ஜன்னல் இல்லாத அறை, மேலும் கீழுமாக நான்கு கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைத்துணி. இவன் ராத்திரி ஷிப்டுக்கு எழுந்ததும் பகல் ஷிப்டு ஆள் அதே கட்டிலில் வந்து படுப்பானாம். “மெத்தை ஆறவே ஆறாது அக்கா” என்பான். சோறு மட்டும் குறைவில்லை.

இப்போது புயலுக்கு வருகிறேன். பார்ஜ் பலவற்றுக்குச் சொந்த எஞ்சின் கிடையாது. இழுவைக் கப்பல் வந்து இழுத்தால்தான் நகரும். நமக்குப் புயல் என்றால் ஐப்பசி, கார்த்திகை. நாகையில் கூண்டு ஏற்றினால் படகு கரையேறிவிடும். அரபிக்கடல் கணக்கு வேறு. அங்கே தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால், சித்திரை வைகாசியிலும் புயல் வரும். 2021 மே 17-ல், வைகாசி பிறந்த கையோடு, டவ்தே புயலில் பி-305 என்ற பார்ஜ் நங்கூரம் அறுந்து மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள். 70-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. புயல் வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தும் அந்தப் பார்ஜ் கடலிலேயே நின்றது. அந்த முடிவு இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அதனால் அந்தத் தென்மேற்குப் பருவமழை முடிந்து சீசன் தொடங்கும்போது போகட்டும், சித்திரை பாதிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று பேசிக்கொள்ளட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்களை இறக்குவது யார் முடிவு என்றும் கேட்கட்டும். பதில் சொல்லத் திணறினால் அந்த வேலை வேண்டாம்.

கடல் பாதுகாப்புப் பயிற்சி இல்லாமல் கிளம்பவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டோடு தண்ணீரில் குதிப்பது, கவிழ்ந்த மிதவையைப் புரட்டி ஏறுவது எல்லாம் நீச்சல் குளத்தில் இறக்கித்தான் சொல்லித்தருவார்கள். நம் பையன்களுக்கு ஆற்று நீச்சல் தெரியும், சரி, கடலுக்கு அது போதாது.

60,000 ரூபாயா? ஒரு பைசா கொடுக்காதீர்கள். வேலை கொடுக்கும் கம்பெனியின் பெயர், பார்ஜின் பெயர், சம்பளம், எத்தனை நாள், இன்சூரன்ஸ் எல்லாம் எழுதிய வேலைக் கடிதம் முதலில் கைக்கு வரட்டும். கப்பல் ஊழியனாகவே எடுக்கிறோம் என்று சொன்னால், ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இருக்க வேண்டும். அவர்கள் வேலைக்காகப் பணம் வாங்கவும் கூடாது.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. 1980 மார்ச் 27-ல் ஐரோப்பாவின் வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற, ஆட்கள் தங்கும் மிதக்கும் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடிப் போனால், ஒரு சின்னக் கருவியைப் பொருத்தப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டில்தான் விரிசல் தொடங்கியிருந்தது. உன் தொழில் அது, தம்பி.

சகோதரி, அவன் போய்ச் சேர்ந்த முதல் ராத்திரியே கட்டிலிலிருந்து உயிர்காக்கும் படகு வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை படி, எந்தப் பக்கம் கதவு என்று போனில் உங்களுக்கு ஒப்பிக்கட்டும்.