அமெரிக்க உள்நாட்டுப் போரில் யூனியன் கோட்டை ஏன் முக்கியம்?
சண்டையே நடக்காத யூனியன் கோட்டைக்கு ஏன் இவ்வளவு புகழ் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் அதன் கிடங்கு. 1851இல் சாண்டா ஃபே வணிகப் பாதையோரம் அமைந்த இது, நியூ மெக்சிகோவின் ராணுவ முகாம்களுக்குச் சாமான் அனுப்பிய இடம். 1862இல் டெக்சாஸிலிருந்து வந்த ஜெனரல் சிப்ளியின் தென்தரப்புப் படையிடம் (நாட்டிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களின் படை) சரக்கு குறைவு. அதனால் கண் முழுக்க வடதரப்பின் கையில் இருந்த இந்தக் கோட்டைமேல்தான்.

பழைய கோட்டை மேட்டின் அடிவாரத்தில் இருந்தது. எதிரி மேலே பீரங்கியை ஏற்றிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே 1861லேயே சற்றுத் தள்ளி நட்சத்திர வடிவில் மண்கோட்டை எழுப்பினார்கள். உள்ளே ஒரே ஈரம். வீரர்கள் பலர் வெளியே கூடாரத்தில் படுத்தார்களாம்!

வடதரப்பின் கொலராடோ தன்னார்வப் படை இங்கே வந்து சேர்ந்து, அப்புறம் முன்னேறி, 1862 மார்ச் இறுதியில் குளோரியட்டா கணவாயில் சிப்ளியின் படையோடு மோதியது. அங்கே தென்தரப்பின் சரக்கு வண்டிகள் எரிந்தன. சாப்பாட்டுக்கே வழியில்லாமல் அந்தப் படை டெக்சாஸுக்குத் திரும்பியது.