லார்க் பார்சர் இழுக்கிறதா? முதலில் எர்லியை விடுங்கள்

கேள்வி: பைத்தானில், உரையை விதிப்படி பிரிக்கும் பார்சரை உருவாக்கித் தரும் லார்க் நூலகத்தை வைத்து, கணக்கீட்டு விதிகள் அடங்கிய கோப்புகளைப் பிரித்தெடுக்கிறேன். சின்னக் கோப்பு நொடியில் முடிகிறது. சில ஆயிரம் வரிகள் வந்தால் நிமிடக்கணக்கில் இழுக்கிறது. எங்கே கை வைப்பது?

பதில்: 1000, 2000, 4000 வரிகளைக் கொடுத்து நேரத்தைக் குறித்துப் பாருங்கள். உள்ளீடு இரட்டிக்கும்போது நேரம் நான்கு மடங்கானால் காரணம் பெரும்பாலும் அல்காரிதம்தான். லார்க்கில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எர்லி என்ற பார்சிங் அல்காரிதம் ஓடும். நீங்கள் எழுதும் எந்த கிராமரையும் (பிரிக்கும் விதிகளின் தொகுப்பு) அது ஏற்கும். ஆனால் குழப்பமில்லாத, அதாவது ஒரே வழியில் மட்டும் பிரிக்கக்கூடிய, கிராமருக்கே நேரம் நீளத்தின் வர்க்கம் வரை போகலாம், மோசமான நிலையில் கனம் வரை. எல்ஏஎல்ஆர் (LALR) என்ற இன்னொரு அல்காரிதம் நீளத்துக்கு நேர்விகிதத்தில்தான் நேரம் எடுக்கும். பார்சர் என்ற ஆர்குமென்ட்டை எல்ஏஎல்ஆர் என்று மாற்றுங்கள்.

மாற்றியதும் ரெட்யூஸ்/ரெட்யூஸ் மோதல் (படித்ததை எந்த விதியாகச் சுருக்குவது என்ற குழப்பம்) என்று பிழை வந்தால் நல்லது, இடம் தெரிந்துவிடும். ஆபத்தானது ஷிஃப்ட்/ரெட்யூஸ் மோதல் (மேலும் படிப்பதா, படித்ததைச் சுருக்குவதா என்ற குழப்பம்). லார்க் அதைச் சத்தமில்லாமல் ஷிஃப்ட் பக்கம் தீர்த்துவிடும். கழித்தலின் இரு பக்கமும் அதே விதியை எழுதியிருந்தால், 10-3-2 என்பதற்கு 5 வராமல் 9 வரும். இடப்பக்கம் அதே விதியையும் வலப்பக்கம் அதற்கு அடுத்த நிலை விதியையும் வையுங்கள். ஸ்ட்ரிக்ட் ஆர்குமென்ட்டை ட்ரூ ஆக்கினால் இத்தகைய மோதல்கள் பிழையாகவே வெளிவரும். அதற்கு இன்டெரெகுலர் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும்.

அடுத்து டோக்கன்கள், அதாவது பார்சர் ஒரே அலகாகப் பார்க்கும் உரைத் துண்டுகள். எண், பெயர் போன்றவற்றை எழுத்தெழுத்தாகச் சேர்க்கும் விதிகளாக எழுதாதீர்கள். ஒவ்வொரு இலக்கமும் தனி டோக்கனாகி, பார்சர் அத்தனைக்கும் ஒரு அடி எடுத்து வைக்க வேண்டியிருக்கும். ஒரே ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொண்ட டெர்மினலாக (டோக்கனை வரையறுக்கும் விதி) மாற்றினால் அந்த வேலை பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எஞ்சினுக்குப் போய்விடும்.

பார்சர் ஆப்ஜெக்டை ஃபங்ஷனுக்குள் உருவாக்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் கிராமர் புதிதாகக் கம்பைல் ஆகும். அதை வெளியே, ஒரே ஒருமுறை உருவாக்குங்கள். நிரலே அடிக்கடி தொடங்குகிறது என்றால் கம்பைல் ஆனதைச் சேமித்துவைக்கும் கேச் ஆர்குமென்ட்டை ட்ரூ ஆக்குங்கள்.

பிரித்த அமைப்பைக் காட்டும் ட்ரீ தேவையில்லை, விடை மட்டும் போதும் என்றால், ட்ரீயின் பகுதிகளை விடையாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்சரை உருவாக்கும்போதே கொடுத்துவிடுங்கள். பிரிக்கப் பிரிக்கவே அது இயங்கும், முழு ட்ரீ நினைவகத்தில் நிற்காது. இதுவும் கேச்சும் எல்ஏஎல்ஆருக்கு மட்டுமே.

கிராமர் எல்ஏஎல்ஆருக்குள் அடங்கவே மாட்டேன் என்றால், எர்லியை வைத்துக்கொண்டு, உரையை டோக்கன்களாக வெட்டும் லெக்ஸரை மட்டும் டைனமிக்கிலிருந்து பேசிக்குக்கு மாற்றிப் பாருங்கள். டெர்மினல்கள் ஒன்றோடொன்று மோதாத கிராமருக்கு அதுவே கணிசமான நேரத்தை மிச்சப்படுத்தும்.